திங்களும் வியாழனும் வந்த வயிற்றுவலி

2024 ஆகஸ்டிலிருந்து 2025 ஜனவரி வரை என் மகள் 38 நாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்த ஆறு மாதத்தில் எனக்குக் கரைந்தது, கடையில் பிடித்துக்கொண்ட சம்பளத்தையும் சேர்த்து, 42,550 ரூபாய். துணிக்கடையில் பில் போடுவது என் வேலை, அதனால் எதையும் கணக்கெழுதி வைக்கும் பழக்கம். கடைசியில் விஷயம் என்னவென்று கண்டுபிடித்தவர் பள்ளிக்கு வந்துபோகும் ஓர் ஆலோசகர். அவருக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. அப்படி ஒருவர் வருகிறார் என்பதே எனக்கு அத்தனை நாளும் தெரியாது. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் வெளிநாட்டில் வேலை. 2024 தொடக்கத்தில் அவருடைய கம்பெனியில் சம்பளம் நின்றுபோனது. தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை. ஜூனில் எட்டாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தேன். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, நானும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். ஆங்கில வழிப் பிரிவிலேயே இடம் கிடைத்தது. முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போய்வந்தாள். சைக்கிள் தருவார்களா என்றுகூடக் கேட்டாள்.

ஆகஸ்டில் வயிற்றுவலி ஆரம்பித்தது. காலை ஏழரை மணிக்கு வரும், பத்து மணிக்குப் போய்விடும். வாந்தி, சில நாள் லேசான காய்ச்சல். முதலில் பக்கத்து டாக்டரிடம் காட்டினோம், பூச்சி மருந்து கொடுத்தார். பிறகு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குடல் நிபுணர். எல்லாமே நார்மல். மருத்துவச் செலவு மட்டும் 9,400. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதலில் டாக்டரிடம் போனது தப்பே இல்லை. உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளாமல் மனசு என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் இரண்டு டாக்டர்கள் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு நான் மூன்றாவது, நான்காவது டாக்டரைத் தேடி ஓடினேன். அதுதான் தப்பு. வலி நடிப்பு என்றும் நினைக்காதீர்கள். பயம் வந்தால் குழந்தைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும்.

ஒருநாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுவரில் பல்லி கத்தியது. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. அத்தை பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி சொன்ன பலன் பார்த்தார். பல்லி வராமலிருக்க நான் மறுநாள் முட்டை ஓடுகளைச் சேர்த்து ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைத்தேன். ஏன் அழுதாய் என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அத்தை சொன்னபடி மந்திரித்துத் தாயத்து கட்டியது, பரிகாரம் எல்லாம் சேர்த்து 2,100. படிப்புதான் பாரமாக இருக்கிறது போல என்று டியூஷன் வைத்தேன், மாதம் 1,500 வீதம் நான்கு மாதம். அப்புறம் கடையில் கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தர் சொன்னார் என்று, பத்து விரல் ரேகையையும் எடுத்து மூளையின் திறமையைச் சொல்லும் சோதனைக்குக் கூட்டிப் போனேன். 4,500 ரூபாய். வண்ண வண்ணப் படங்களோடு நாற்பது பக்கத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். 'உங்கள் குழந்தைக்கு இசையில் ஆர்வம் உண்டு' என்று இருந்தது. எந்தக் குழந்தைக்கு இல்லை? விரல் ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு தெரிந்தது. யாராவது இதைச் சொன்னால் அந்தப் பணத்தில் நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது தனியார் 'கவுன்சிலிங் சென்டர்'. பத்து முறை பார்க்க 12,000, முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டினேன். நான்கு முறைதான் போனோம். ஒவ்வொரு முறையும் அவர் மகளையும் என்னையும் சேர்த்தே உட்காரவைத்து, லட்சியம், விடாமுயற்சி, அம்மா படும் கஷ்டம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவள் தலையைக் குனிந்தே இருந்தாள். ஐந்தாவது முறை ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். மீதிப் பணம் திரும்ப வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை அன்றைக்குத்தான் கிட்டப் போய்ப் படித்தேன், ஏதோ சில நாள் பயிற்சி.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். குழந்தையிடம் தனியாகப் பேசுவாரா, பள்ளியிலும் விசாரிப்பாரா என்று முதல் நாளே கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

இதற்கு நடுவில் நான் பள்ளிக்கே போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். நவம்பரில் அலுவலகத்தில் போய், "குழந்தைக்குக் கவுன்சிலிங் ஏதாவது கிடைக்குமா சார்?" என்று கேட்டேன். அங்கே இருந்தவர், "எட்டாவதுக்கு ஏதும்மா கவுன்சிலிங்? பன்னெண்டாவது முடிச்சாத்தானே" என்றார். அவர் கேலி செய்யவில்லை. நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு, இல்லாவிட்டால் வாத்தியார்களுக்கு டிரான்ஸ்ஃபர். எனக்கும் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. 'மனசு சரியில்லை' என்று சொன்னால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, சரி சார் என்று வந்துவிட்டேன். அந்த ஒரு நிமிடக் கூச்சத்தில் இன்னும் இரண்டு மாதம் போனது.

பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு மறுபடி வயிறு. கடையில் ஏற்கெனவே 19 நாள் சம்பளம் போயிருந்தது, நாள் ஒன்றுக்கு 450. இன்னொரு நாள் விடுப்பு எடுத்தால் வேலையே இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அடித்துவிட்டேன். கன்னத்தில் விரல் பதிந்தது. அவள் அழவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு, "செத்துப்போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதும்மா" என்றாள், பால் தீர்ந்துபோச்சு என்று சொல்வது மாதிரி.

இந்த வார்த்தையைக் கேட்டால் நம் வாயில் முதலில் வருவது, "அப்படியெல்லாம் பேசக்கூடாது." நானும் அதைத்தான் சொன்னேன். அப்புறம் கைகால் நடுங்க மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து 14416-க்கு அழைத்தேன். டெலி மனாஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள், கட்டணம் இல்லை. மறுமுனையில் இருந்த பெண் முதலில் கேட்டது, "குழந்தை இப்ப எங்க இருக்காங்க, கூட யார் இருக்காங்க?" உடனே உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சாகிற யோசனை எந்த அளவுக்கு இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றார். தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எடுத்துப் பூட்டி வையுங்கள், காலையில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள் என்றார். கடைசியில், "ஸ்கூல்ல கவுன்சிலர் இருக்காங்களான்னு கேட்டீங்களா? 14417-க்குப் பேசிப் பாருங்க" என்றார்.

14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 2018-இல் இருந்து இருக்கிறது. அது எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே குழந்தைகளுக்கான 1098. அந்தச் சுவரை ஒட்டித்தான் நான் தினமும் ஸ்கூட்டியை நிறுத்துவேன். என் வண்டியின் கண்ணாடிதான் கடைசி எண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மாவட்டத் தலைமை மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அங்கே மனநல மருத்துவரும் உளவியலாளரும் இருக்கிறார்கள். ஓ.பி. சீட்டு போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், அவ்வளவுதான் செலவு. மகளிடம் தனியாகப் பேசினார்கள். இப்போதைக்கு மருந்து தேவையில்லை, வாரம் ஒருமுறை வரட்டும், பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதையும் 14417-இல் சொன்னபடி ஒரு விண்ணப்பத்தையும் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். வாயால் கேட்டபோது கிடைக்காதது தாளில் கேட்டபோது கிடைத்தது. 'என் மகள் இத்தனை நாள் வரவில்லை, காரணம் அறிய ஆலோசகரின் உதவி தேவை' என்று நான்கே வரி. நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, "புதன்கிழமை வருவாங்களேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறாராம். நான்கு பள்ளிகளுக்கு அவர் ஒருவர்தான். அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறதாம், அவரே பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் பள்ளியில் மட்டும் 900 பேர்.

அவருக்கு ஒதுக்கியிருந்தது விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறை. வாலிபால் நெட் ஒரு மூலையில், கால் உடைந்த கேரம் போர்டு இன்னொரு மூலையில். என்னை உட்காரவைத்து, பிரச்சினை என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அட்டெண்டன்ஸ் நகலும் எட்டாம் வகுப்பு டைம்டேபிளும். ஆகஸ்டிலிருந்து வராத நாட்களை ஒரு காலண்டர் தாளில் சிவப்பு பென்சிலால் வட்டம் போட்டார். போட்டுக்கொண்டே வரும்போது எனக்கே தெரிந்துவிட்டது. வட்டங்கள் இரண்டு வரிசையில் இறங்கின. 38-இல் 29 நாள் திங்கள் அல்லது வியாழன். டைம்டேபிளில் அந்த இரண்டு நாளும் மூன்றாம் பாடவேளை தமிழ். "அன்னைக்கு ரெண்டு நாளும் டெஸ்ட் இருக்கும்" என்றார் தலைமையாசிரியை.

இதற்கு ஒரு படிப்பும் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். பில் போடுகிற எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. உங்கள் பிள்ளை அடிக்கடி மட்டம் போட்டால் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள். எந்தக் கிழமை, எந்தப் பாடம், எந்தத் தெரு வழியாகப் போகிற நாள் என்று பாருங்கள்.

அப்புறம் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் பேசினார். பேச்சைத் தொடங்கும் முன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று சொன்னார்: அவள் சொல்வது அவள் அனுமதி இல்லாமல் அம்மாவுக்கும் வராது, டீச்சருக்கும் வராது. ஆனால் அவள் உயிருக்கு ஆபத்து, யாராவது அவளுக்குத் தீங்கு செய்கிறார்கள், அவளால் இன்னொருவருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம், மறைக்க அவருக்கே உரிமை இல்லை. எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பெற்றவளிடம் சொல்லாமல் என்ன ரகசியம்? ஆனால் அந்த வாக்குறுதிக்குப் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். மூன்றாவது சந்திப்பில் அவளே, அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

பழைய பள்ளியில் தமிழ் பெயருக்குத்தான். ஆகஸ்டில் ஒரு டெஸ்டில் 'நான் பள்ளிக்குச் செல்கிறேன்' என்பதை 'நான் பல்லிக்குச் செல்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் அதை வாசித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் பெயர் பல்லி. அவள் உள்ளே நுழைந்தால் பின் பெஞ்சில் நாக்கைத் தட்டி 'இச் இச்' என்று சத்தம். ஒவ்வொரு திங்களும் வியாழனும் டெஸ்ட் நோட்டு திருப்பித் தரும்போது அவளுடைய நோட்டை டீச்சர் கையில் எடுத்தாலே சிரிப்பு.

முட்டை ஓட்டை அடுக்கி வைத்தேனே, அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அதையெல்லாம் வாரிக் குப்பையில் போட்டேன்.

அந்த டீச்சரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி. குழந்தையை மனதளவில் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது என்றுகூட யாரோ சொன்னார்கள். ஆலோசகர் தடுத்தார். "சண்டை போட உங்களுக்கு உரிமை இருக்கும்மா. ஆனா மறுநாள் அதே வகுப்புல போய் உட்காரப் போறது அவதானே" என்றார். டீச்சரைத் தனியாகச் சந்தித்து அவரே பேசினார். டீச்சருக்குப் பட்டப்பெயர் விஷயமே தெரியாதாம். 54 பிள்ளைகள் உள்ள வகுப்பு, சிரிக்கவைத்துத் தூக்கத்தைக் கலைக்கச் சொன்ன ஒரு ஜோக், அவ்வளவுதான் அவருக்கு. அவர் கெட்டவர் இல்லை. அது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

திரும்பப் போக ஒரு திட்டம் போட்டார்கள். முதல் வாரம் மதியம் வரைதான் பள்ளி. டெஸ்ட் நோட்டு வகுப்பில் வாசிக்கப்படாது, யாருடையதும். முடியவில்லை என்றால் நீலப் பேனாவை மேசை நுனியில் வைப்பாள், டீச்சர் ஒன்றும் கேட்காமல் நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். இரண்டு தோழிகள் வாசலில் காத்திருந்து சேர்ந்து உள்ளே போவார்கள். ல, ள, ழ-வுக்கு வாரம் இரண்டு நாள் அதே தமிழ் டீச்சர் மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுத்தார். இது கற்றல் குறைபாடாக இருக்குமோ என்றும் வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு அப்படி இல்லை, பழக்கம்தான் இல்லை. ஆனால் சந்தேகம் இருந்தால் விடாமல் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது, மருத்துவமனைச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம்.

எனக்கும் வீட்டுப்பாடம் உண்டு. வாசலிலேயே நிறுத்தி "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கக்கூடாது. காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைசியதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டேன்.

பிப்ரவரியில் 20 நாளில் 15 நாள் போனாள். மார்ச்சில் இரண்டு நாள்தான் விடுப்பு. பட்டப்பெயர் முழுசாகப் போகவில்லை, ஒன்றிரண்டு பையன்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள். "ஆமாடா, என்ன இப்போ" என்று திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பள்ளி ஆலோசகர் மந்திரவாதி இல்லை. மருந்து எழுதித் தர மாட்டார், ஆழமான சிக்கல் என்றால் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத வகுப்பையும், வகுப்பிலிருந்து பார்த்தால் தெரியாத வீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். பிள்ளையிடம் சொல்லும்போது மட்டும், 'உன்னைத் திருத்தக் கூட்டிப்போகிறேன்' என்கிற தொனி வேண்டாம். நான் முதல் நாள், "வயித்துவலிக்கு என்ன பண்ணலாம்னு அவங்ககிட்ட கேட்டுப் பார்ப்போம்" என்றுதான் சொன்னேன், வந்துவிட்டாள்.

ஏப்ரலோடு அந்த ஆலோசகர் போய்விட்டார், ஒப்பந்தம் முடிந்ததாம். ஜூனில் பள்ளி திறந்தபோது விளையாட்டு அறை பூட்டிக் கிடந்தது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர் படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் நம்மைப் போன்ற பெற்றோர்தான். ஆனாலும் அன்றைய பேச்சு குடிநீர்த் தொட்டி, மதில் சுவர் என்று போய்க்கொண்டிருந்தது. கடைசியாக நான் எழுந்து கேட்டேன். பின்னாலிருந்து ஓர் அம்மா, "எம் பையனுக்கும் காலைல தலைவலி வருதுங்க" என்றார். எந்தக் கிழமை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

தீர்மானம் எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நகல் என்னிடம் இருக்கிறது, தேதியோடு.